தழும்பை மறைக்கும் பிள்ளைகள்

நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. 2022-ஆம் ஆண்டில் 1,70,924 பேர் என்றும், அவர்களில் மாணவர்கள் 13,044 பேர் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ஆனால், சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலோ, அந்த எண்ணம் பாதியும் தயக்கம் பாதியுமாகவோ தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் இளம் வயதினர் எத்தனை பேர் என்பதற்கு அப்படியொரு கணக்கு கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவதில்லை, வீட்டில் சொல்வதில்லை, நெருங்கிய நண்பர்களிடம்கூட மறைக்கிறார்கள். எண்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. கணக்கில் வராத துயரத்துக்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் தலைப்பு இருக்காது.

கணக்கில் வராத இந்தப் பிள்ளைகளுள் ஒருவரை நான் நேரில் அறிவேன். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கல்லூரியில் இளங்கலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படித்த மாணவி. புள்ளியியல் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவருடையது. ஆனால், வருகைப் பதிவு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான். வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க ஒருநாள் என் அறைக்கு வந்தார். தாளை நீட்டியபோது சட்டைக் கை சற்று மேலேறியது. தழும்புகள் தெரிந்தன. சில பழையவை, சில அண்மையில் உண்டானவை.

அன்று நான் கேட்ட கேள்வியை இப்போது எழுதவே கூசுகிறது. "இப்படியெல்லாம் செய்து யாரை மிரட்டப் பார்க்கிறாய்?" என்றேன். அவர் கையை இழுத்து மறைத்துக்கொண்டு, "யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் சார் முழுக்கை போடறேன்" என்றார். நான் கையெழுத்திட்டேன். நன்றாகப் படிக்கிற பெண் இப்படிச் செய்யலாமா, மனஉறுதி வேண்டாமா என்று பத்து நிமிடம் அறிவுரையும் சொன்னேன். ஆசிரியராக என் கடமையைச் செய்துவிட்ட நிறைவுகூட எனக்கு ஏற்பட்டது. அடுத்த ஒரு மாதம் அவர் என் வகுப்புக்கு வரவில்லை.

அந்த ஒற்றை வரிப் பதிலில் இருந்த உண்மை எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறவர் அதை மறைக்க மாட்டார். 'கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்கிறார்கள்' என்பதுதான் இந்தப் பிள்ளைகளைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் சொல்லப்படும் முதல் விளக்கம். சில மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலும் அதுவே காதில் விழுகிறது. ஒரு பேச்சுக்கு அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று தன் உடலைக் காயப்படுத்திக்கொண்டால்தான் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தால், அதில் கோபப்பட வேண்டியது யார்மீது?

உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2014-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, பதின்ம வயதினரில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது, சாகும் நோக்கமின்றித் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டவர்கள். இளைஞர்களில் இது 13 விழுக்காடு; வயது முதிர்ந்தோரில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நாற்பது பேர் கொண்ட வகுப்பறையில் ஆறேழு பேர் என்பது இதன் பொருள். நம் நாட்டு வகுப்பறைகளுக்கு இந்த விகிதம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால், 'எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை' என்று ஒரு தலைமை ஆசிரியர் உறுதியாகச் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? மேத்யூ நாக் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இளைஞர்களிடமே கேட்டுத் தொகுத்த பதில்களில் ஒன்றுதான் மீண்டும் மீண்டும் முதலிடத்துக்கு வருகிறது: தாங்க முடியாத மனநிலையிலிருந்து சற்று நேரம் விடுபடுவதற்காக. சிலருக்கு அது கொந்தளிக்கும் பதற்றம். சிலருக்கு அதற்கு நேரெதிரான மரத்துப்போன நிலை. எதையாவது உணர்ந்தால் போதும் என்ற தவிப்பு. இன்னும் சிலர் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கிறார்கள். 'நான் மோசமானவள், இது எனக்கு வேண்டும்' என்று தண்டனை விதித்துக்கொள்ளும் மனம் பெரும்பாலும் வேறு யாரோ விதித்த தீர்ப்பைத்தான் நிறைவேற்றுகிறது. சிறுவயதில் அனுபவித்த வன்முறை, பாலியல் அத்துமீறல், பள்ளியில் கேலி, ஓயாத ஒப்பீடு ஆகியவை அந்தத் தீர்ப்பை எழுதியிருக்கக்கூடும். பிறருக்குத் தம் வேதனையைத் தெரிவிக்கும் நோக்கமும் சிலரிடம் உண்டு. பட்டியலில் அது கீழேதான் வருகிறது.

மனநலப் பாதிப்பு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, உணவு உண்பது சார்ந்த கோளாறுகள் ஆகியவற்றோடும், உணர்ச்சிகள் சட்டென்று உச்சிக்கு ஏறி இறங்க மறுக்கும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறோடும் சேர்ந்து இது வரும். அதனால் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் மனநோய் இருக்கிறது என்றாகிவிடாது. மனநோய் உள்ள எல்லோரும் இதைச் செய்வார்கள் என்பதும் தவறு. காய்ச்சலைப் போல இதுவும் ஓர் அறிகுறி. காய்ச்சலுக்காகப் பிள்ளையை யாரும் திட்டுவதில்லை.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பதிலிருந்தே அவருடைய விருப்பத்தை அறிய வேண்டும் என்று 1938-இல் பால் சாமுவேல்சன் முன்வைத்த கருத்து எங்களுக்குப் பாலபாடம். 1974-இல் டேனியல் ஹேமர்மெஷ், நீல் சாஸ் என்ற இரு அறிஞர்கள் தற்கொலையையே வாழ்நாள் பயன்பாட்டுக் கணக்காக்கி ஒரு புகழ்பெற்ற ஆய்விதழில் எழுதினார்கள். சமன்பாடுகள் நேர்த்தியானவை. என்றாலும், நள்ளிரவில் விடுதி அறையில் மூச்சுத் திணறும் ஒரு பெண் எதிர்காலப் பயன்பாட்டை வட்டி விகிதத்தால் வகுத்துக்கொண்டிருப்பதில்லை. அவருக்குத் தேவைப்படுவது அடுத்த பத்து நிமிடங்களைக் கடக்க ஒரு வழி. அந்தச் செயலிலிருந்து 'இவருக்கு இதுதான் விருப்பம்' என்று படிப்பது, ரேஷன் கடையில் புழுத்த அரிசி வாங்கியவருக்குப் புழுத்த அரிசி பிடிக்கும் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பாகும்.

எங்கள் துறையிலிருந்தே இதற்குப் பொருத்தமான உவமை வேண்டுமானால் கந்துவட்டியைச் சொல்வேன். கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறவர் அறிவில்லாமல் வாங்குவதில்லை. அன்று மாலைக்குள் பணம் வேண்டும். வங்கிக் கதவு அவருக்குத் திறக்காது. உறவினர் முகம் கொடுக்க மாட்டார். பணம் கையில் வந்தவுடன் நிம்மதி கிடைப்பதும் உண்மை. சுயகாயமும் அப்படிப்பட்ட கடன்தான். கிடைக்கும் நிம்மதி சிறிது நேரத்துக்கே. பிறகு வெட்கம், குற்ற உணர்வு, மறைப்பதற்கான பொய்கள் என்று வட்டி ஏறும். அந்த வட்டியே அடுத்த நெருக்கடியாகிறது. அதைத் தீர்க்க மறுபடியும் அதே கடன். முன்பு போதுமாக இருந்தது பிறகு போதாமல் ஆகிறது. இதில் 'ஏன் வாங்கினாய்?' என்று அதட்டுவதில் பயனில்லை. வேறு எந்தக் கதவைத் தட்டினாய், அது ஏன் திறக்கவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

சாகும் நோக்கம் இல்லை என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. தம்மைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் சுமார் 16 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மீண்டும் அதே நிலையில் வந்தார்கள், 1.6 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் தற்கொலையால் இறந்தார்கள். பொது மக்களிடையே காணப்படும் விகிதத்தைப் போல இது பல மடங்கு. பெரும்பான்மையினர் இறப்பதில்லை என்பதையும், ஆபத்து மெய்யானது என்பதையும் இந்த எண்கள் சேர்த்தே சொல்கின்றன. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மருந்து மாத்திரைகள், பூச்சிக்கொல்லி போன்றவற்றைப் பூட்டி வைப்பது முதல் வேலை. இளம் வயதில் நெருக்கடி அலைபோல எழுந்து தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

விஷயம் தெரியவரும் நாளில் நம் வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியானது. தாய் அழுவார், தந்தை கத்துவார். செல்பேசி பறிக்கப்படும். தலையில் அடித்து, 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று சத்தியம் வாங்கப்படும். பெண்ணாக இருந்தால், கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரேனும் ஒரு பெரியம்மா சொல்வார். சத்தியம் வாங்குவதில் உள்ள சிக்கலைப் பெற்றோர் உணர்வதில்லை. அடுத்த முறை நெருக்கடி வரும்போது அந்தப் பிள்ளைக்குப் பழைய வேதனையோடு சத்தியத்தை மீறிய பாவமும் சேர்கிறது. அதன் விளைவாக இன்னும் ஆழமாக மறைப்பார். வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற அச்சமும் பரவலாக உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மன வேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிடம் வேதனையும், முன்பு தற்கொலைக்கு முயன்றவர்களிடம் தற்கொலை எண்ணமும் சற்றுக் குறைந்தே காணப்பட்டன.

இதற்குச் சிகிச்சை உண்டா என்று கேட்பவர்களுக்கு மார்ஷா லைனஹனின் வாழ்க்கையைச் சொல்லலாம். 1961-இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண் அவர். தம்மைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டதால் தனியறையில் அடைக்கப்பட்டவர். பின்னாளில் சியாட்டிலில் உளவியல் பேராசிரியராகி, தம்மைப் போன்றவர்களுக்காகவே டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார். உன் வேதனை பொய்யன்று என்று ஏற்றுக்கொள்வதும், அதைத் தாங்குவதற்கு வேறு வழிகளைப் பழக்குவதும் இதில் சேர்ந்தே நடக்கும். உணர்ச்சியை இனம்கண்டு பெயரிடுதல், உச்சத்தில் இருக்கும்போது எதையும் செய்யாமல் கடத்துதல், உதவி கேட்கும் விதம் எல்லாம் பாடம்போலக் கற்பிக்கப்படுகின்றன. இது பலன் தருவதை 1991-இல் வெளியான ஆய்வில் லைனஹன் காட்டினார். பதின்ம வயதினருக்கு ஏற்பச் சுருக்கப்பட்ட வடிவமும் நார்வேயில் சோதிக்கப்பட்டு 2014-இல் நல்ல முடிவு வெளியானது. தம் சொந்தக் கதையை அவர் ஊரறியச் சொன்னது 2011-இல், அறுபத்தெட்டாம் வயதில். உலகறிந்த நிபுணருக்கே வாய் திறக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சிகிச்சை இருக்கிறது, கொடுப்பதற்கு ஆள் இல்லை. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்தைத் தனியே எடுத்துப் பேசியது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தந்தது. அதில் உள்ள எண்கள் மகிழ்ச்சி தருபவை அல்ல. இலட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்களாவது வேண்டிய இடத்தில் நம்மிடம் இருப்பது 0.75. தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி (2015-16) 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு உண்டு. பாதிக்கப்பட்டோரில் சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம், நோய்க்கேற்ப, 70 முதல் 92 விழுக்காடு வரை. கிராமத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாதம் இருமுறை பிள்ளையை அழைத்து வரும் தாய்க்குப் பேருந்துச் செலவோடு இரண்டு நாள் கூலியும் போகிறது. மூன்றாம் மாதம் அவர் வராமல் போனால் அதை அலட்சியம் என்று எழுதுவது எளிது.

சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆவது பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் முயல்வது மட்டுமே குற்றமாக நீடிக்கிறது. ஆனாலும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகுமோ, வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, 'கண்ணாடி குத்திவிட்டது' என்று மருத்துவரிடம் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

போதிய மருத்துவர்கள் இல்லாத நாடு என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையும் பங்கேற்ற ஓர் ஆய்வில் விடை இருக்கிறது. இது நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு அது. இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு வீடு திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒருவர் தொடர்புகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார். தேவைப்பட்டால் உதவி பெற வழிகாட்டுவார். அவ்வளவுதான். புதிய மருந்து ஏதுமில்லை. 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். 2008-இல் வெளியான முடிவு இது.

இதை மிகைப்படுத்தக் கூடாது. மீண்டும் முயன்றவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் எல்லா வயதினரும். சாகும் நோக்கமற்ற சுயகாயம் அதன் பொருளும் அன்று. இத்தனையும் கழித்த பிறகும், இவ்வளவு குறைந்த செலவில் இப்படியொரு பலன் தரும் பொதுச் சுகாதாரத் திட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த மாணவியைப் பின்னர் ஒருமுறை சந்தித்தேன். ஓய்வூதிய வேலையாகச் சென்ற வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தார். அவரே எழுந்து வந்து பேசினார். நான் அன்று பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்தார். "அன்னிக்கு எல்லாரும் அப்படித்தான் சார் பேசினாங்க" என்றார். மனச்சோர்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை பெற்றதையும், இடையில் மீண்டும் ஓரிரு முறை நேர்ந்ததையும் மறைக்காமல் சொன்னார். முதன்முதலில் மருத்துவரிடம் போக யார் சொன்னார்கள் என்று கேட்டேன். விடுதிக் காப்பாளர் அம்மா என்றார். அந்த அம்மையார் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அறைக் கதவைத் தட்டி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாராம். "நாலு மாசம் கேட்டாங்க சார். அப்புறம் நானே சொல்லிட்டேன்." அந்த நான்கு மாதங்களில், வாரம் ஐந்து வகுப்புகள் எடுத்த நான் ஒருமுறைகூட எதையும் கேட்கவில்லை.

கல்வி நிறுவனங்களில் சில நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. தோல்வியடைந்தவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனடித் துணைத்தேர்வு எழுத முடிகிறது. பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நியமனம் காகிதத்தோடு நின்றுவிடும் என்ற ஐயம் எனக்கு உண்டு. பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியரிடம் 'இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்படைப்பது நம் நிறுவனங்களுக்குக் கைவந்த கலை. அந்த ஆசிரியரே மறுநாள் அகமதிப்பெண் போடுவார். அவரிடம் எந்த மாணவி சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்?

ஆலோசகர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் பருவம்தோறும் வருகைக் குறைவுப் பட்டியல் தயாராகிறது. அபராதம் வசூலிக்கவும், தேர்வு எழுத விடாமல் நிறுத்தவும்தான் அது பயன்படுகிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் வருகை மூன்று வாரங்களில் திடீரெனச் சரிந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். எந்த ஆய்வுமின்றி, எந்தச் செலவுமின்றிக் கிடைக்கும் தரவு அது. அந்தப் பெயர்களை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒருவர் அவர்களை அழைத்துப் பேசலாம். ஒருமுறை பேசி விட்டுவிடாமல் அடுத்த வாரமும் அழைக்கலாம். மனநலச் சிகிச்சைக்காக எடுத்த விடுப்பை டைபாய்டுக்கு எடுத்த விடுப்பைப் போலவே ஏற்கலாம். என் பணிக்காலத்தில் அந்தப் பட்டியலில் நான் கையெழுத்திட்ட பருவங்கள் அறுபதுக்கு மேல் இருக்கும்.

உதவி தேவைப்படுவோரும் அவர்களின் வீட்டாரும் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.